வூபர்ன் கிணறுகள்: கரைப்பான் எந்த நிலத்திலிருந்து வந்தது?

பின்னணி

பாஸ்டன் நகருக்குச் சற்று வடக்கே உள்ள வூபர்ன், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தோல் பதனிடும் ஆலைகளையும் வேதிப்பொருள் தொழிற்சாலைகளையும் நம்பிப் பிழைத்த ஊர். அதன் கிழக்குப் பகுதி வழியே ஓடும் ஆபர்ஜோனா ஆற்றுக்கு அகலமும் இல்லை, வேகமும் இல்லை; இரு கரையிலும் சதுப்புதான். ஆனால் அந்தச் சதுப்புக்கு அடியில், பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலும் சரளையும் ஒரு பழைய பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடக்கின்றன. தண்ணீர் தாராளமாகச் சுரக்கும் படிவம் அது. நகராட்சி 1964-இல் ஆற்றின் கிழக்குக் கரையில் 'ஜி' என்ற கிணற்றையும், 1967-இல் அதன் அருகிலேயே 'எச்' என்ற கிணற்றையும் தோண்டி, ஊரின் கிழக்குப் பகுதிக்குக் குடிநீர் வழங்கத் தொடங்கியது.

தண்ணீர் வந்த நாளிலிருந்தே அதன் நிறம், வாடை, சுவை மூன்றைப் பற்றியும் மக்கள் புகார் சொன்னார்கள். வழக்கமான பரிசோதனையில் தண்ணீர் தேறியது. தேறாமல் போக வழியும் இல்லை, ஏனெனில் அக்காலத்துக் குடிநீர்ப் பரிசோதனை கிருமிகளையும் தாது உப்புகளையும் தேடியதே தவிர, தொழிற்சாலைக் கரைப்பான்களைத் தேடவில்லை. 1972-இன் தொடக்கத்தில் அப்பகுதியில் ஒரு சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவமனைக்குப் போய்வரும் வழியில் அவன் தாய், அதே நோயுள்ள மற்றக் குழந்தைகளின் பெற்றோரைச் சந்திக்க நேர்ந்தபோது, அவர்களில் பலர் தம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் குடியிருப்பவர்கள் என்பதைக் கவனித்தார். எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தவை காற்றும் தண்ணீரும் மட்டுமே என்பது அவருடைய கணக்கு. மருத்துவர்களும் அதிகாரிகளும் அதைப் பல ஆண்டுகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறுவன் 1981 ஜனவரியில் இறந்தான்.

பீப்பாய்களும் முதல் அளவீடும்

1979 மே மாதம், கிணறுகளுக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஒரு காலி நிலத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன 184 பீப்பாய்களைக் காவல்துறையினர் கண்டனர். மாநிலச் சுற்றுச்சூழல் துறை அலுவலர் ஒருவர், முன்னெச்சரிக்கையாக அருகிலுள்ள குடிநீர்க் கிணறுகளின் நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். 'ஜி' கிணற்று நீரில் லிட்டருக்கு 267 மைக்ரோகிராம் ட்ரைகுளோரோஎத்திலீன் இருந்தது. உலோகப் பாகங்களிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் இக்கரைப்பானைத் தொழில் வழக்கில் டி.சி.இ. என்பார்கள். அதனுடன், டிரை கிளீனிங் கடைகளில் 'பெர்க்' என்று அழைக்கப்படும் டெட்ராகுளோரோஎத்திலீனும் குறைந்த அளவில் இருந்தது. டி.சி.இ.-க்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற கூட்டரசின் குடிநீர் வரம்பு 1987-இல்தான் வகுக்கப்பட்டது. 1979-இல் சட்டப்படியான வரம்பு எதுவும் இல்லை. இருந்தும் அந்த மே மாதத்திலேயே இரு கிணறுகளும் மூடப்பட்டன.

இந்தக் கட்டத்தில் எவரும் செய்யக்கூடிய ஊகம், பீப்பாய்கள்தான் காரணம் என்பது. ஆனால் பீப்பாய்களில் இருந்தது பாலியூரித்தேன் பிசின் சார்ந்த கழிவு. கிணற்றில் இருந்த கரைப்பான்கள் அவற்றிலிருந்து வந்தவையல்ல. தற்செயலாகக் கிடைத்த பீப்பாய்கள் கிணற்றைப் பரிசோதிக்கக் காரணமாயின என்பதோடு அவற்றின் பங்கு முடிந்தது. மாசு எங்கே தெரிந்ததோ அதற்கு மிக அருகில் கண்ணுக்குப் பட்ட கழிவையே மூலமாகக் கொள்ளும் பழக்கம் இத்தகைய வழக்குகளில் அடிக்கடி தலைகாட்டும். வேதியியல் பகுப்பாய்வை முதலிலேயே செய்தால் அது உடனே அடங்கிவிடும்.

எந்த நிலம், எந்தக் கை

1982 மே மாதத்தில் எட்டுக் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. அதே காலத்தில் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இப்பகுதியை, நச்சுக் கழிவு நிலங்களைத் தூய்மைப்படுத்துவதற்கான 'சூப்பர்ஃபண்ட்' பட்டியலில் சேர்த்துத் தன் ஆய்வைத் தொடங்கியது. பள்ளத்தாக்கைச் சுற்றிப் பல தொழிற்கூடங்கள் இருந்தபோதிலும், துளையிட்டு எடுத்த மண், நீர் மாதிரிகள் சில நிலங்களைத் தனியே காட்டின. வழக்கைப் பொறுத்தவரை அவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, கிணறுகளுக்கு வடகிழக்கே, ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் தள்ளி, மேட்டு நிலத்தில் இருந்த டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்தின் கிரையோவாக் ஆலை. உணவுப் பொருள்களைப் பொதியும் இயந்திரங்கள் அங்கே தயாராயின. கரைப்பான் பயன்பாடு அளவில் பெரிதில்லை. ஆனால் பயன்படுத்திய கரைப்பானை ஆலையின் பின்புறம் தரையில் ஊற்றியதையும், பீப்பாய்களைக் குழிதோண்டிப் புதைத்ததையும் தொழிலாளர்களே சாட்சியாகச் சொன்னார்கள். புதைத்த பீப்பாய்கள் 1983-இல் தோண்டியெடுக்கவும் பட்டன.

இரண்டாவது, ஆற்றின் மேற்குக் கரையில், கிணறுகளுக்குச் சில நூறு மீட்டருக்குள் கிடந்த 15 ஏக்கர் புதர்க்காடு. இது ஒரு தோல் பதனிடும் ஆலைக்குச் சொந்தமானது. ஆலையை 1978-இல் வாங்கியிருந்த பியாட்ரிஸ் ஃபுட்ஸ் நிறுவனம் அதற்கான சட்டப் பொறுப்பை ஏற்றிருந்தது. நிலத்தில் துருப்பிடித்த பீப்பாய்களும் கழிவுக் குவியல்களும் கிடந்தன, மண்ணில் டி.சி.இ. மிகுதியாக இருந்தது. அதை அங்கே கொட்டியது யார் என்பதற்குத்தான் நேரடிச் சாட்சி கிடைக்கவில்லை. தன் ஆலையில் டி.சி.இ. பயன்படுத்தவே இல்லை என்றது தோல் ஆலை. வேலியில்லாத அந்தக் காட்டில் பல ஆண்டுகளாக எவரெவரோ குப்பை கொட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே பழைய பீப்பாய்களைக் கழுவி விற்கும் ஒரு கூடமும் இருந்தது.

மூன்றாவது, வடக்கே இருந்த யூனிஃபர்ஸ்ட் என்னும் சீருடைச் சலவை நிறுவனம். அங்கிருந்து வந்திருக்கக் கூடியது பெர்க். அந்நிறுவனம் பத்து லட்சம் டாலருக்குச் சற்றுக் கூடுதலான தொகைக்குச் சமரசம் செய்துகொண்டு, விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விலகியது.

மாசின் மூலத்தைத் தேடும் வேலையில் சேர்த்துக் காட்ட வேண்டிய கண்ணிகள் இரண்டு என்பதை இந்த வழக்கைப் போல் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் கண்டதில்லை. வேதிப்பொருள் ஒருவர் கையிலிருந்து நிலத்துக்குப் போனது என்பது ஒரு கண்ணி. அந்த நிலத்திலிருந்து, குறிப்பிட்ட காலத்துக்குள், கிணற்றுக்குப் போனது என்பது இன்னொன்று. கிரேஸ் ஆலையைப் பொறுத்தவரை முதல் கண்ணி உறுதியாக இருந்தது, இரண்டாவது தளர்ந்திருந்தது: மேட்டு நிலத்தின் இறுகிய களிமண் கலவையையும் பிளவுபட்ட பாறையையும் கடந்து கரைப்பான் எப்போது கிணற்றை எட்டியது என்பது தீராத சச்சரவாகவே இருந்தது. 15 ஏக்கர் நிலத்தில் நிலைமை நேர் எதிர். நிலம் கிணற்றுக்கு அருகில், அடியில் மணலும் சரளையும், மண்ணில் மாசு கண்கூடு. கொட்டிய கை மட்டும் தெரியவில்லை. டி.சி.இ. எந்த ஆலையிலும் ஒரே மூலக்கூறுதான். அன்றைய ஆய்வகங்களில் அதன் பிறப்பிடத்தைச் சொல்லும் முறை எதுவும் இல்லை.

நோயின் பக்கத்தில் தொகுத்த சான்று

1981-இல் மாநிலச் சுகாதாரத் துறையும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் வெளியிட்ட அறிக்கை, வூபர்னில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையை விட இரு மடங்குக்கும் மேல் இருந்ததை உறுதிசெய்தது. தண்ணீரோடு அதை இணைக்கவில்லை. பின்னர் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் புள்ளியியலாளர்கள், ஊர்த் தொண்டர்களின் உதவியுடன் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் தொலைபேசி வழியே தகவல் திரட்டி, 1984-இல் தொடர்பு இருப்பதாக அறிவித்தனர். எந்த வீட்டுக்கு எந்த ஆண்டில் எவ்வளவு பங்கு 'ஜி', 'எச்' நீர் போனது என்று குழாய் வலைப்பின்னலை வைத்துக் கணக்கிட்ட மாநிலப் பொறியாளரின் வேலைதான் இதில் அடித்தளம். ஊர் முழுவதும் ஒரே குழாயில் இணைந்திருப்பதால் எல்லோரும் ஒரே தண்ணீரைக் குடித்ததாகக் கொள்வது பெரும்பிழை; கிணற்றுக்கு அருகிலுள்ள தெரு அதன் நீரை முழுதாகவும், மேற்கிலுள்ள தெரு துளிகூட இல்லாமலும் பெற்றிருக்க முடியும்.

முப்பது நாள் நீர் இறைப்புச் சோதனை

கிணறுகள் மூடி ஆறாண்டுகள் ஆகிவிட்டதால், அவை இயங்கியபோது நிலத்தடி நீர் எந்தப் பக்கமிருந்து ஓடியது என்பதை நேரில் அளக்க வழியில்லாமல் இருந்தது. இறைக்காத காலத்தில் நீர் தன் இயல்புச் சரிவில் ஆற்றை நோக்கி ஓடும்; நிமிடத்துக்குப் பல நூறு காலன் இறைக்கும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல்போல் இறங்கி, இயல்பான ஓட்டம் திசைமாறிக் கிணற்றை நோக்கித் திரும்பிவிடும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கேட்டுக்கொண்டதன்பேரில் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1985 டிசம்பர் தொடக்கத்திலிருந்து 1986 ஜனவரி தொடக்கம் வரை 30 நாள்கள் இரு கிணறுகளையும் மீண்டும் இயக்கியது. இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,100 காலன், அதாவது 4,000 லிட்டருக்கு மேல் இறைத்தன. பள்ளத்தாக்கு முழுவதும் அமைத்திருந்த கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கப்பட்டது. கிணறுகளுக்கு மேலும் கீழும் ஆற்றின் ஓட்டமும் அளக்கப்பட்டது.

இரண்டு முடிவுகள் வந்தன. ஒன்று, நீர்மட்டம் ஆற்றின் கிழக்கில் மட்டுமல்லாமல் மேற்குக் கரையிலும், 15 ஏக்கர் நிலத்துக்கு அடியிலும் இறங்கியது. ஆறு ஒரு தடுப்புச் சுவராக இருந்து மேற்குக்கரை நீரைக் கிணற்றுக்கு வரவிடாமல் செய்தது என்ற வாதம் இதோடு நிற்க முடியாமல் போனது. மற்றொன்று, இறைத்த நீரில் ஏறத்தாழ பாதி ஆற்றிலிருந்தே படுகை வழியாக இறங்கி வந்திருந்தது. முதல் முடிவு வாதிகளுக்குச் சாதகம். இரண்டாவது எதிர்த்தரப்பின் கைக்குப் போனது.

நீதிமன்றத்தில் எடுத்த முடிவுகள்

பாஸ்டன் கூட்டரசு நீதிமன்றத்தில் 1986 மார்ச்சில் விசாரணை தொடங்கியது. நிலத்தடி நீர், நோய்க் காரணம், இழப்பீடு என வழக்கைக் கட்டங்களாகப் பிரித்து, முந்தைய கட்டத்தில் தேறினால்தான் அடுத்ததற்குப் போகலாம் என்று நீதிபதி முடிவுசெய்தார். கரைப்பான் கிணற்றை எட்டவில்லையென்றால் மருத்துவ சாட்சியத்தைக் கேட்டுக் காலத்தைச் செலவிட வேண்டியதில்லை என்பது அதற்கான காரணம். நிர்வாக நோக்கில் நியாயமானதும்கூட. ஆனால் அதன் விளைவாக, பிள்ளைகளை இழந்த பெற்றோர் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. முழு வழக்கும் மண்ணியல் நிபுணர்கள் தோளில் விழுந்தது.

வாதிகளின் நிலத்தடி நீர் நிபுணர் இத்துறையில் பெரும்பெயர் பெற்ற பேராசிரியர். இரு நிலங்களிலிருந்தும் கரைப்பான் கிணற்றை எட்டிய பாதைகளையும் காலங்களையும் அவர் விளக்கினார். குறுக்கு விசாரணையில் பியாட்ரிஸ் தரப்பு வழக்கறிஞர் ஆற்றைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். ஆற்று நீர் கிணற்றுக்குப் போனதன் பங்கைப் பற்றி நிபுணர் சொன்னதும், நிலவியல் ஆய்வகம் அளந்ததும் ஒத்துப்போகவில்லை. பாதி நீர் ஆற்றிலிருந்து வந்தது என்றால், நூறாண்டுத் தொழிற்கழிவு சுமந்த அந்த ஆறே மாசைக் கொண்டுவந்திருக்கலாமே என்பது, பொதுமக்களிலிருந்து தேர்ந்த முடிவுக் குழுவான ஜூரியிடம் எதிர்த்தரப்பு விட்டுச்சென்ற கேள்வி. டி.சி.இ. எளிதில் ஆவியாகும் பொருள். திறந்த ஆற்றில் மைல்கணக்கில் மிதந்து வந்து கிணற்று நீரில் அந்த அளவு செறிவைத் தருவது அரிது என்ற பதில் வேதியியல் ரீதியாக வலுவானது. ஆனால் நிபுணரின் மற்றக் கணக்குகளின்மேல் விழுந்த ஐயத்தை அந்தப் பதிலால் துடைக்க முடியவில்லை. அளவீட்டின் சாதகமற்ற பாதியையும் வாதிகளே முதலில் எடுத்துவைத்து விளக்கியிருந்தால் அதன் வலிமை குறைந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

கிரேஸ் தரப்பு நிபுணரோ, ஆலையிலிருந்து சென்ற மாசு 1979 மே மாதத்துக்குள் கிணற்றை எட்டியிருக்கவே முடியாது என்றார்.

ஜூரியின் விடைகள்

78 நாள் விசாரணைக்குப் பின், 1986 ஜூலை 28 அன்று ஜூரி விடையளித்தது. கேட்கப்பட்ட கேள்விகளின் வடிவம் இங்கே முக்கியமானது. பியாட்ரிஸ் நிலத்தில் 1968 ஆகஸ்ட் 27-க்குப் பின் கொட்டிய வேதிப்பொருள்கள், 1979 மே 22-க்கு முன் கிணற்று மாசில் கணிசமான பங்கு வகித்தனவா? கிரேஸ் நிலத்திலிருந்து அத்தகைய பங்களிப்பு எந்த மாதம், எந்த ஆண்டில் தொடங்கியது? கவனக்குறைவால் ஏற்பட்ட பங்களிப்பு எப்போது தொடங்கியது? எந்தப் பீப்பாய் எந்த நாளில் கசிந்தது என்ற பதிவு எவரிடமும் இல்லாதபோது, தேதியிட்டு விடை சொல்ல நிலத்தடி நீரியலால் முடியாது. இரு தரப்பு நிபுணர்களும் தந்தவை மாதிரிக் கணக்கீடுகளே. சோதனையில் இறைத்தது ஒரே சீரான வேகத்தில், ஒரு குளிர்கால மாதத்தில். உண்மையில் இக்கிணறுகள் தேவைக்கேற்ப மாதக்கணக்கில் இயங்கியும் நின்றும் இருந்தவை.

பியாட்ரிஸ் மீதான குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை என்று ஜூரி கூறியது. கிரேஸ் கவனக்குறைவாக நடந்ததாகவும், அதன் பங்களிப்பு 1973 செப்டம்பரில் தொடங்கியதாகவும் கூறியது. அந்தத் தேதி நின்றால், 1972-இலேயே நோய்வாய்ப்பட்ட முதல் சிறுவனின் நோய்க்குக் கிரேஸ் பொறுப்பாகாது. விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று கூறி நீதிபதி கிரேஸ் மீதான முடிவை நீக்கி, மறுவிசாரணைக்கு வழிவிட்டார். செப்டம்பரில் கிரேஸ், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், 80 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மருத்துவக் கட்டம் நடக்கவே இல்லை.

பின்னர் வெளிவந்தவை

தோல் ஆலைக்காக 1983-இல் ஒரு பொறியியல் நிறுவனம் தயாரித்த நிலத்தடி நீர் அறிக்கை, வாதிகள் கேட்டும் தரப்படாமல் இருந்தது விசாரணை முடிந்த பிறகே தெரிந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இல் இதை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. முறைகேடு நடந்தது உண்மை, ஆனால் அது முடிவை மாற்றியிருக்காது என்று விசாரணை நீதிபதி கண்டார். 1990-இல் அது உறுதியானது. கிரேஸ் நிறுவனம், வேதிப்பொருள் பயன்பாடு குறித்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தவறான தகவல் தந்ததாக 1988-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் அபராதம் கட்டியது.

சூப்பர்ஃபண்ட் நடவடிக்கை தனி வழியில் போனது. 1991-இல் பதிவான உடன்பாட்டின்படி, பள்ளத்தாக்கைத் தூய்மைப்படுத்த 6 கோடியே 94 லட்சம் டாலர் மதிப்பிலான பணிகளைப் பொறுப்பாளிகள் ஏற்றனர். மூலங்களாக வகுக்கப்பட்ட ஐந்து நிலங்களில், ஜூரி விடுவித்த அந்த 15 ஏக்கரும் ஒன்று. இதில் முரண் எதுவும் இல்லை. 1980-இன் சூப்பர்ஃபண்ட் சட்டம் நிலத்தின் உரிமையாளரையே பொறுப்பாக்குகிறது. கொட்டிய கை எது, எந்த மாதம் என்று கேட்பதில்லை. அதே மண் மாதிரிகள், அதே நீர்மட்ட வரைபடம். சட்டம் கேட்ட கேள்வி வேறானதால் விடையும் வேறானது. மாநிலச் சுகாதாரத் துறை 1997-இல் வெளியிட்ட தொடராய்வு, 1969 முதல் 1989 வரை நோயுற்ற 21 குழந்தைகளை ஆராய்ந்து, தாய் கருவுற்றிருந்தபோது அந்நீரைக் குடித்ததோடு நோய் அபாயம் தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. வழக்கு முடிந்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று செய்தால் மாறக்கூடியவை

ஒரே மூலக்கூறாக இருந்தாலும், டி.சி.இ.-இல் உள்ள கார்பன், குளோரின் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளின்) விகிதம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று வேறுபடும். இன்று அதை அளக்க முடியும். கரைப்பான் கெடாதிருக்கச் சேர்க்கும் நிலைப்படுத்திகளும், டி.சி.இ.-க்கும் பெர்க்குக்கும் இடையிலான விகிதமும், மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைப்பதால் உருவாகும் டைகுளோரோஎத்திலீனின் அளவும் ஒன்றையொன்று சரிபார்க்க உதவும். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான ட்ரிட்டியம், ஹீலியம் ஆகியவற்றின் அளவுகளைக் கொண்டு நிலத்தடி நீரின் வயதை மதிப்பிடலாம். எச்சரிக்கை ஒன்று தேவை: நுண்ணுயிர்ச் சிதைவே ஐசோடோப்பு விகிதத்தை மாற்றிவிடும், இரண்டு ஆலைகள் ஒரே வணிகரிடம் வாங்கியிருந்தால் வேறுபாடே தெரியாது. ஆகவே கொள்முதல் ரசீதுகள், கழிவு ஏற்றிய லாரிப் பதிவுகள், பழைய வான்படங்கள், ஓய்வுபெற்ற தொழிலாளரின் வாக்குமூலம் ஆகியவற்றை முதலாண்டிலேயே திரட்ட வேண்டும். முதல் கண்ணியை ஆய்வகக் கருவியை விட இவைதாம் உறுதிப்படுத்தும். நீர் இறைப்புச் சோதனையும் விசாரணைக்கு இரண்டு மாதம் முன்பு நடக்காமல், நிபுணர் தம் கருத்தை எழுத்தில் கொடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். நகராட்சியின் பழைய இறைப்புப் பதிவேட்டைப் பின்பற்றி, கிணறுகளை நிறுத்தியும் இயக்கியும் அதை நடத்துவது இன்னும் நல்லது.

நம் நாட்டில் நிரூபிக்கும் சுமை வேறு இடத்தில் விழுகிறது. வேலூர் பகுதித் தோல் ஆலைகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று நிறுவும் கடமையைத் தொழில் நடத்துபவர் மேல் வைத்தது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவாக 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது. பாலாற்றங்கரைக் கிணற்று உப்பில் எந்த ஆலையின் பங்கு எவ்வளவு என்று அந்தக் கட்டத்தில் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. இழப்பீட்டை மதிப்பிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கும் வேலை தனி ஆணையத்திடம் விடப்பட்டது. கழிவுநீர் அளவு, ஓட்டத் திசை, காலம் பற்றிய கேள்விகள் அங்கே மீண்டும் எழுகின்றன; வூபர்னில் ஜூரியிடம் கேட்ட மாதமும் ஆண்டும் இல்லாவிட்டாலும், எந்தக் கிணறு, எந்த ஆலை, எவ்வளவு பங்கு என்ற மூன்றுக்கும் அளவீட்டோடு விடை தர வேண்டியிருக்கிறது.